மாரப்பன் ரத்தம்

கோயமுத்தூர்ல இருந்தா வர்றீங்க, இந்த வெயில்ல? உக்காருங்க அம்மணி. ஃபேனுக்கு நேரா உக்காருங்க. பாவாயி, மோர் கொண்டா. என்ற சம்சாரமுங்க. அவ அதிகம் பேச மாட்டா. என்ன கேக்கோணுமோ எங்கிட்டயே கேளுங்க.

வக்கீல் போன்ல சொன்னாருங்க. மனசைப் பத்திப் படிச்ச ஒரு அம்மா வருவாங்க, கிரி வளந்த கதையைக் கேப்பாங்க, அப்பீல்ல அதை வெச்சு ஆயுள் தண்டனையைக் கொறைக்க முடியுமான்னு பாக்கறோம்னாரு. கேளுங்க. இந்த அர்த்தனாரி எதையும் மறைக்கறவன் இல்லை. ஆனா முதல்லயே ஒண்ணு சொல்லிப்புடறேன். நீங்க அவனோட வளர்ப்புல தேடறீங்க. அது அங்க இல்லீங்க. அது ரத்தத்துல இருக்குது. அவங்கப்பன் ரத்தத்துல. ஊர்க்காரங்க என்னடான்னா என்னையப் பேசறாங்க. மாமங்காரன் வளத்து மருமகன் கொலைகாரன் ஆயிட்டான்னு டீக்கடையில பேசறாங்க. எத்தனை பாடுபட்டேன்னு ஒருத்தனுக்கும் தெரியாது.

தண்ணிக்குப் போர் போடற ரிக் லாரி பாத்திருப்பீங்க. எங்க திருச்செங்கோட்டுல வீட்டுக்கு வீடு அந்தத் தொழில்தான். எனக்கும் ஒரு வண்டி. கிரியோட அப்பன் மாரப்பன், அரூர்ப் பக்கத்துல இருந்து என்ற வண்டிக்கு வேலைக்கு வந்தவன். குடி கிடையாது, பீடி கிடையாது. நானேதான் என்ற தங்கச்சி பூங்கொடியைக் கட்டிக் குடுத்தேன். ரெண்டு கொழந்தைங்க. மூத்தவனுக்கு அவங்க ஊர் மலைச்சாமி பேரு, தீர்த்தகிரின்னு. சின்னது கோகிலா. எல்லாம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் அவனுக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. டெய்லர் கடையில அவ சிரிச்சுப் பேசினாளாமா. அவ்வளவுதான். ஒரு மத்தியானம் சோத்துக்கு வந்தவன் அம்மிக் குழவியைத் தூக்கிட்டான்.

நான் போய்ப் பாக்கறப்ப என்ற தங்கச்சிக்கு மொகம் இல்லீங்க அம்மணி. மூக்குத்தியைப் பாத்துத்தான் அவன்னு மனசு ஒத்துக்கிச்சு. செவுத்துல, அடுப்புல, கொடியில காஞ்ச பாவாடையில, எங்க பாத்தாலும் ரத்தம். அவன் வாசல்ல உக்காந்து சோறு தின்னுக்கிட்டிருந்தான். "மச்சான், தண்ணி கொஞ்சம் குடுங்க"ன்னான். ஒரே அடியோட நிறுத்தியிருந்தா அவ பொழைச்சிருப்பாளாமா. செத்ததுக்கு அப்புறமும் அடிச்சிருக்கான்னு டாக்டர் சொன்னாரு. அதை மனசுல வெச்சுக்குங்க.

கொழந்தைங்க கட்டிலுக்கு அடியில கெடந்துச்சுங்க. கிரிக்கு ஏழு வயசு. தங்கச்சி அழுது சத்தம் வந்துரக்கூடாதுன்னு அவ வாயைக் கையால பொத்திக்கிட்டுக் கெடந்தான். அந்தக் கையை எடுக்கவே மாட்டேன்னுட்டான். நான்தான் விரல் விரலாப் பிரிச்செடுத்தேன். அத்தனூண்டு பையனுக்கு அந்தப் பலம் எங்கிருந்துங்க வரும்? அன்னைக்கே எனக்குள்ள ஒண்ணு சில்லுன்னு ஓடுச்சு.

மாரப்பன் ஜெயில்லயே காசம் வந்து செத்தான். கோகிலாவை என்ற அக்கா சத்தியமங்கலத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. பையனை நான் எடுத்துக்கிட்டேன். தங்கச்சி மகனாச்சேங்க, விட முடியுமா? ஆனா எடுத்துக்கிட்டு வந்தப்பவே பாவாயிகிட்டச் சொல்லிட்டேன். இவன் நம்ம பூங்கொடிக்குப் பொறந்தவன்தான், ஆனா பாதி அவன். அந்தப் பாதியை நாம அடக்கோணும்.

மொகத்துலயே தெரியுமுங்க. மாரப்பனுக்குப் புருவம் ரெண்டும் நடுவுல வந்து ஒட்டியிருக்கும். இவனுக்கும் அதே. மாசாமாசம் முடி வெட்டக் கூட்டிட்டுப் போறப்ப அந்த நடுவுல இருக்கறதைச் சிரைக்கச் சொல்லுவேன். "சின்னப் பையனுக்கு எதுக்குங்க"ன்னு கடைக்காரர் கேட்டாரு. சிரைங்கன்னேன். சிரைச்சா முன்னைவிடக் கறுப்பா மொளைச்சு வந்துச்சு. ரத்தம் விடுமா?

அடிச்சேன். அதைக் கேக்கத்தானே வந்திருக்கீங்க? அடிச்சேன். ஆனா கோவத்துல அடிச்சதில்லீங்க. வெள்ளிக்கிழமை குளிச்சு, விபூதி வெச்சு, அப்புறம் கம்ப்ரஸரோட பழைய ஃபேன் பெல்ட்டை எடுப்பேன். தப்புப் பண்ணியிருந்தாலும் அடி, பண்ணாட்டியும் அடி. தப்பு நடந்ததுக்கு அப்புறம் அடிச்சு என்னங்க பிரயோசனம்? என்ற தங்கச்சி திரும்பி வந்தாளா? வர்றதுக்கு முன்னால அடிக்கோணும். மாடு பழக்கறவன் முட்டினதுக்கு அப்புறமா பழக்கறான்?

அழுதா விட்டுருவேன். அழுகறவனுக்கு மனசு இருக்குதுன்னு அர்த்தம். முதல்ல அழுதான். பொறவு ஒரு கட்டத்துல அழுகையே நின்னு போச்சு. முதுகுத் தோல் பிரிஞ்சு சட்டை ஒட்டிக்கும், வாயைத் திறக்க மாட்டான். செவுத்தையே பாத்துக்கிட்டு நிப்பான். அதுதாங்க என்னைப் பயமுறுத்துச்சு. அடியைக் கூட்டுனேன்.

எல்லாத்தையும் கவனிச்சுக்கிட்டே இருப்பேன். ஒருக்கா லாரியில அடிபட்ட நாய்க்குட்டியைச் சட்டைக்குள்ள வெச்சு எடுத்துட்டு வந்தான். துணி கட்டினான், பால் ஊத்தினான். அது செத்துப் போச்சு. குழி வெட்டிப் பொதைச்சுட்டுப் பக்கத்துலயே உக்காந்திருந்தான். "எத்தனை எரக்கம் பாருங்க"ன்னு பாவாயி சொன்னா. செத்ததைத் தொடறதுக்கு அவனுக்கு ஒரு கூச்சமும் இல்லை, அதைப் பாருடின்னேன். மாரியம்மன் நோம்பியில கெடா வெட்டறப்ப கண்ணை மூடிக்கிட்டான். நான் அவ காதுல சொன்னேன், ஆசையை மறைக்கறான்னு. பொம்பளைங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்க.

கூப்பிடறது கிரின்னுதான். தப்பான பார்வை பாத்தா மட்டும், "அடே மாரப்பா"ம்பேன். உனக்குள்ள இருக்கறது எனக்குத் தெரியும், ஒளிஞ்சுக்காதேன்னு அவனுக்குத் தெரியோணுமில்லீங்களா?

மோர் எடுத்துக்குங்க. சூடாயிரும்.

ஒம்பதாவது படிக்கறப்ப ஒருக்கா என்ற கையில இருந்த பெல்ட்டோட இன்னொரு முனையைப் புடிச்சுக்கிட்டான். இழுக்கலை, ஓங்கலை. சும்மா புடிச்சுக்கிட்டு, "மாமா, இன்னைக்கு வேண்டாம். நாளைக்குப் பரீட்சை"ன்னான். எனக்கு முன்னால மாரப்பனே நிக்கற மாதிரி ஆயிப்போச்சுங்க. கைக்கெட்டுன தூரத்துல ஸ்பேனர் கெடந்துச்சு. எடுத்து நெத்தியில போட்டேன். எலும்பு உள்ள போயிருச்சு. ரொம்ப நாள் ஆஸ்பத்திரியில கெடந்தான். மாடிப்படியில விழுந்துட்டான்னு சொன்னோம். வேற என்னன்னு சொல்றது? குடும்ப விசயம். பொழைச்சு வந்ததுக்கு அப்புறம் படிப்பு ஏறலை. எழுத்தெல்லாம் ஆடுதும்பான், தலைவலிம்பான், திடீர்னு எரிஞ்சு விழுவான், அப்புறம் தானே வந்து மன்னிப்புக் கேப்பான். சரி, இவனுக்குப் பள்ளிக்கூடம் ஆகாதுன்னு நம்ம வண்டியிலயே வேலைக்குப் போட்டேன்.

அந்தக் காயத்தைத்தான் கோர்ட்டுல நம்ம தரப்பு டாக்டர் தூக்கிப் புடிச்சாரு. ஸ்கேன் எடுத்தாங்களாமா, மூளையோட முன்பக்கத்துல பழைய வடு இருக்குதாமா, கோவத்தைப் புடிச்சு நிறுத்தற எடம் அதுதானாமா. அரசாங்க வக்கீல் எந்திரிச்சு ஒரே கேள்விதான் கேட்டாரு. "இந்த மாதிரி வடு இருக்கற எல்லாரும் கொலை பண்றாங்களா டாக்டர்?" டாக்டர் இல்லைங்கன்னு தலையைக் கவுத்துக்கிட்டாரு. எனக்கு அரசாங்க வக்கீல் மேல மரியாதையே வந்துருச்சு.

நீங்களும் அப்படித்தான் மாட்டிக்குவீங்க அம்மணி. அடிச்சு வளத்ததாலதான் இப்படி ஆயிட்டான்னு எழுதுவீங்க. எங்க ஊர்ல அடி வாங்காத பையன் யாருங்க? எல்லாரும் கொன்னுட்டா திரியறாங்க? என்ற மகன் மோகனையே எடுத்துக்குங்க. அவனையும் அடிச்சேன். இவன் அளவுக்கு இல்லை, ஆனா அடிச்சேன். சென்னையில கம்ப்யூட்டர் கம்பெனியில நல்ல வேலையில இருக்கான். ஒரு கேசு உண்டா, ஒரு வம்பு உண்டா? நல்ல ரத்தம். அவன் சம்சாரம் தாடை எலும்பு ஒடைஞ்சு பொறந்த ஊட்டுல போய் உக்காந்திருக்கறாளே, அது வேற. அது புருசன் பொண்டாட்டி விசயம். அவளுக்கு வாய் ஜாஸ்தி.

கோகிலாவைக் கேப்பீங்க. அதே அப்பன், அதே ரத்தம்தான். ஈரோட்டுல நர்சு. ஊசி போடறப்ப நோயாளியைவிட அவ மொகம்தான் சுருங்கும்னு சொல்லுவாங்க. நானும் அதை ரொம்ப யோசிச்சிருக்கேன். ஒரு நாள் புடிபட்டுச்சு. அந்த ரத்தம் ஆம்பளைப் புள்ளைக்கு மட்டும்தான் எறங்கும். பொம்பளைப் புள்ளைக்கு எறங்காது. இல்லீங்களா? நீங்க படிச்சவங்க. தலையாட்டுனா ஆட்டுங்க, இல்லாட்டி விடுங்க.

இப்ப அந்த நாளைச் சொல்றேன்.

தாராபுரத்துக்குப் பக்கத்துல ஒரு தோட்டம். தோட்டக்காரர் பேரு காளியண்ணன். தண்ணி இருக்கற எடம் பாத்துச் சொல்றதை நாங்க பாயிண்ட்டும்போம். அவரு சம்சாரத்தோட அப்பா பாத்துக் குடுத்த பாயிண்ட்டு அது. காளியண்ணனுக்கு இஷ்டமில்லை, அந்தம்மா சொல்லுக்காக ஒத்துக்கிட்டாரு. வெடியக்காலையிலயே ஆரம்பிச்சோம். கிரி வண்டி மேல நின்னு ஓட்டுறான். ராடு எறங்குது, எறங்குது, வெறும் புகை. ஆயிரம் அடி தாண்டியும் வெள்ளைப் புழுதிதான் வருது. எல்லார் மேலயும் மாவு கொட்டுன மாதிரி. காளியண்ணனுக்கு முதல்ல மூஞ்சி கறுத்துச்சு. அப்புறம் அந்தம்மாவைக் கூப்பிட்டாரு. "உங்கப்பன் பாத்த பாயிண்ட்டைப் பாருடி"ன்னு தலைமுடியைப் புடிச்சு இழுத்துட்டு வந்து குழிக்குப் பக்கத்துல தள்ளுனாரு. தோட்டத்துக்குத் தண்ணி விடற கெட்டி ஹோஸ் பைப்பு கெடந்துச்சு, அதை எடுத்து வீச ஆரம்பிச்சாரு. கம்ப்ரஸர் சத்தத்துல அந்தம்மா கத்தறது கேக்கலை. வாய் திறக்கறது மட்டும்தான் தெரியுது.

நாங்க ஏழெட்டுப் பேர் நின்னோம். நானும் நின்னேன். அடுத்தவன் குடும்பத்துல நாம தலையிடக் கூடாதுங்க.

சட்டுனு கம்ப்ரஸர் நின்னு போச்சு. கிரி நிறுத்திட்டான். அப்பத்தான் அந்தம்மா சத்தம் கேட்டுச்சு. அடி விழுகற சத்தமும் கேட்டுச்சு. அவன் வண்டியை விட்டு மெதுவா எறங்கி வந்தான். ராடு கழட்டற பைப் ரெஞ்சு, ஒரு ஆள் தூக்கற கனம் இருக்கும், அது அவன் கையில. "விட்ருங்கண்ணா"ன்னான். ரொம்ப மரியாதையாத்தான் சொன்னான். காளியண்ணன் திரும்பி, "எவன்டா நீ, கூலிக்கு வந்த நாயி"ன்னு ஹோஸை அவன் மூஞ்சியில வீசுனாரு. கன்னம் கிழிஞ்சு புழுதி மேல ரத்தம் எறங்குச்சு. கிரி ரெஞ்சைத் தூக்கித் தோள்ல ஒண்ணு போட்டான். எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு. காளியண்ணன் விழுந்துட்டாரு.

அதோட முடிஞ்சிருக்கோணும். அதோட முடிஞ்சிருந்தா இன்னைக்கு அவனை ஊரே தலையில தூக்கி வெச்சிருக்கும்.

நான்தான் ஓடிப் போய்த் தடுக்கப் பாத்தேன். என்ற வாயில என்ன வந்துச்சோ அதைக் கத்துனேன். "அடே மாரப்பா, விடுடா." அவன் என்னைத் திரும்பிப் பாத்தான். ஒரு நிமிசம் பாத்தான் அம்மணி. அப்புறம் குனிஞ்சு அந்தாளைத் தலையில அடிக்க ஆரம்பிச்சான். தேங்காய் ஒடையற மாதிரி சத்தம் வந்துச்சு. அப்புறம் அந்தச் சத்தமும் வரலை, சேத்துல அடிக்கற மாதிரிதான் இருந்துச்சு. அந்தம்மாவே அவன் சட்டையைப் புடிச்சு இழுத்து, "விட்ரு சாமி, விட்ரு சாமி"ன்னு அழுகறா. விடலை. வெள்ளைப் புழுதி எல்லாம் செவப்பாக் கொழைஞ்சு போச்சு.

கேட்டீங்களா? அந்தப் பேரைக் கூப்பிட்டதும் அந்த ரத்தம் எந்திரிச்சிருச்சு. உள்ள இருந்தவன் வெளிய வந்துட்டான். இதுக்கு மேல என்னங்க சாட்சி வேணும்?

முடிச்சுட்டு ரெஞ்சைக் கீழ வெச்சான். கை கழுவத் தண்ணி கேட்டான். ஆயிரம் அடிக்குத் தோண்டியும் தண்ணி இல்லாத எடத்துல எங்கிருந்து வரும்? மண்ணுலயே கையைத் தேய்ச்சுக்கிட்டான். அந்தம்மாகிட்டப் போய், "ரொம்ப அடிபட்டுருச்சாக்கா"ன்னான். அவ அவன் மூஞ்சியில காறித் துப்புனா. கோர்ட்டுல முதல் சாட்சியே அவதான். "என்ற புருசன் கோவக்காரரு, ஆனா இவன் மிருகம்"னா. ஜட்ஜு அதை அப்படியே தீர்ப்புல சொன்னாரு.

ஜெயிலுக்கு ஒருக்காத்தான் போனோம், கேசு நடக்கறப்ப, நானும் பாவாயியும். வக்கீல் சொல்லி அனுப்பின எல்லாத்தையும் சொன்னேன். அப்பன் ரத்தம்னு நான் வந்து சாட்சி சொல்றேன்டா, டாக்டர் மூளைன்னு சொல்லட்டும், ஏதோ ஒண்ணுல கொறைப்பாங்கன்னேன். அவன் வலைக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டான்.

"வேண்டாம் மாமா. மொத அடி அந்தக்காவுக்காக அடிச்சேன். கீழ விழுந்ததுக்கு அப்புறம் அவரு ஒத்தைக் கையைத் தூக்கி என்னைக் கும்பிட்டாரு. அதை நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் அடிச்சேன். எங்கப்பன் வந்து அடிக்கலை. தலையில இருக்கற காயம் அடிக்கலை. நீங்க என்னை அடிச்ச அடியும் அடிக்கலை. நான் அடிச்சேன். அவரு மூஞ்சி தெனமும் வருது. அது எனக்குத்தான் வருது, வேற யாருக்கும் வரலை"ன்னான்.

"அப்புறம் ஏன் சாமி அடிச்சே?"ன்னு பாவாயி கேட்டா. அழுதுக்கிட்டே கேட்டா. அவன் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னான்.

"தெரியலை அத்தை"ன்னான்.

திமிரைப் பாத்தீங்களா? நான் அடிச்சேன்னு நெஞ்சை நிமித்தறான், ஏன்னு கேட்டாத் தெரியலைங்கறான். அவனுக்குத் தெரியாதுங்க, எனக்குத் தெரியும். அன்னைக்கு இருந்து இவ எங்கிட்டப் பேசறதில்லை. சோறு வெப்பா, துணி துவைப்பா, பேச மாட்டா. நானும் ரெண்டு மூணு தரம் கைவெச்சுப் பாத்துட்டேன். வாய் திறக்கலை.

அவகிட்டத் தனியாப் பேசோணுமா? எதுக்குங்க? நான் சொன்னதுக்கு மேல அவ என்ன சொல்லப் போறா? சரி, வரச் சொல்றேன். பாவாயி. ஏ பாவாயி, இங்க வா. அம்மணி கூப்பிடறாங்க.

என்ன இது, பையி? சீலை மாத்தியிருக்கறே? எங்க கெளம்பிட்டே?

கேளுங்க அம்மணி, இவ சொல்றதைக் கேளுங்க. உங்க கூடயே வர்றாளாமா. கோகிலா ஊட்டுல போய் இருந்துக்கிட்டுக் கோர்ட்டுக்கு வந்து சொல்றாளாமா. என்னத்தைச் சொல்லுவே? வெள்ளிக்கிழமையைச் சொல்லுவியா? ஸ்பேனரைச் சொல்லுவியா? நானே எல்லாத்தையும் சொல்லிட்டேன்டி. ஒண்ணும் பாக்கியில்லை. உள்ள போ.

பையைக் குடு. குடுங்கறேன்.

இந்தா.

நீங்க உக்காருங்க அம்மணி. ஒண்ணுமில்லை, உதடு லேசாக் கிழிஞ்சிருக்கு, அவ்வளவுதான். அவளுக்கு இது புதுசா என்ன? பாருங்க, அழுகறாளா? உள்ள போயிட்டா பாருங்க. மொகம் கழுவிட்டு வருவா. உங்களுக்குச் சாப்பாடு போடச் சொல்றேன். நீங்க எழுதறதை எழுதிக்குங்க. இந்த ஊட்டுல அவனுக்குச் சோத்துக்கோ துணிக்கோ ஒரு கொறையும் வெக்கலைன்னு எழுதிக்குங்க.

என்ன அது கையில?

பாவாயி, அருவாளைக் கீழ வை. தேங்காய் வெட்டறதை எதுக்கு எடுத்துட்டு வந்தே? கீழ வைடி. அம்மணி, நீங்க தள்ளி நில்லுங்க. ஏ, அப்படிப் பாக்காதே. நான் எந்திரிக்க மாட்டேன், இதோ உக்காந்துட்டேன். உன் பையி அங்கதான் இருக்குது, எடுத்துக்கோ. நான் தொடலை. கதவுக்குக் குறுக்க வரலை. போ.

அம்மணி, நீங்களாவது சொல்லுங்க. அவகூட இத்தனை வருசம் குடித்தனம் பண்ணியிருக்கேன். அவங்கப்பன் பள்ளிக்கூட வாத்தியாரு, பிரம்பு தொட்டதில்லை. அண்ணன் தம்பி ஒருத்தன்கூட ஒரு கோழி அறுக்க மாட்டான். விசாரிச்சுத்தாங்க பொண்ணெடுத்தோம். மூணு தலைமுறை விசாரிச்சோம்.

இவளுக்கு இது எங்கிருந்துங்க வந்துச்சு?